கம்பெனியின் கிளவுடைக் கோடாக எழுதி வைப்பது: எங்கே தொடங்குவது?

எந்த சர்வர் எதற்கு, எந்தப் போர்ட் யாருக்காகத் திறந்திருக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒருவர் தலையில்தான் இருக்கும். அவர் லீவு போட்டால் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். விக்கியில் எழுதி வைத்தாலும் சீக்கிரமே பழசாகிவிடும். அதனால் சர்வர்களையெல்லாம் விவரிக்கும் கோடையே (code) ஆவணமாக்கிவிடலாம்.

கருவி டெராஃபார்ம்: கிளவுடில் என்ன இருக்க வேண்டும் என்று கோடில் எழுதினால் அதை உருவாக்கித் தரும். 'பிளான்' என்ற கட்டளை என்ன மாறப் போகிறது என்று காட்டும், 'அப்ளை' அதைச் செய்து முடிக்கும். 2023-ல் அதன் உரிமம் மாறியபோது பிரிந்து வந்த ஓப்பன்டோஃபுவிலும் கீழே உள்ளவை அப்படியே ஓடும்.

முதலில் ஒரு சின்னப் பொருளை எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஒரு ஸ்டோரேஜ் பக்கெட் (கிளவுடில் கோப்புகள் வைக்கும் இடம்) போதும். இருப்பதை டெராஃபார்மின் பொறுப்பில் கொண்டுவரும் 'இம்போர்ட்' பிளாக்கில் (கோடின் ஒரு பகுதி) அதன் பெயரைக் கொடுத்து, ஜெனரேட் கான்ஃபிக் அவுட் என்ற தேர்வோடு பிளான் ஓட்டினால் கோடு தானாக எழுதப்பட்டு வரும் (பதிப்பு 1.5 முதல்). தேவையில்லாத வரிகளை நீக்கிவிட்டு மறுபடி பிளான் ஓட்டுங்கள். இம்போர்ட் 1, மற்றதெல்லாம் 0 என்று வந்தால்தான் அப்ளை.

அடுத்தது ஸ்டேட் ஃபைல், அதாவது கிளவுடில் எதெல்லாம் தன் பொறுப்பில் இருக்கிறது என்று டெராஃபார்ம் குறித்து வைக்கும் கோப்பு. அதில் கடவுச்சொற்கள்கூட அப்படியே படிக்கும்படி கிடக்கலாம். ஆகவே கோடைச் சேமிக்கும் கிட்டில் (Git) போடாதீர்கள், லேப்டாப்பிலும் வைக்காதீர்கள். லாக்கிங் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் மாற்றவிடுவது), வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் வைத்திருப்பது) இரண்டும் உள்ள, குழு மட்டும் பகிரும் ஸ்டோரேஜில் வையுங்கள். லாக் இல்லாவிட்டால் இருவர் ஒரே நேரத்தில் அப்ளை கொடுத்து ஸ்டேட் குழம்பும்.

சரி, இனி பிளானைப் படிக்கப் பழக வேண்டும். கூட்டல் குறி என்றால் புதிது, அலைக்கோடு என்றால் மாற்றம், கழித்தல் என்றால் அழிப்பு. கழித்தலும் கூட்டலும் சேர்ந்து வந்தால் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கப் போகிறது என்று பொருள். டேட்டாபேஸ் பக்கத்தில் அந்தக் குறி தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஒருமுறை கோடில் ஒரு பொருளுக்கு 'டெஸ்ட்' என்றிருந்த பெயரை 'மெயின்' என்று மாற்றினேன். வெறும் பெயர்தானே! பிளானோ சேர்ப்பது 1, அழிப்பது 1 என்றது. நான் 'யெஸ்' அடிக்கப் போனபோது பக்கத்தில் இருந்தவர் திரையைக் காட்டினார். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே பொருள்தான் என்று சொல்லும் 'மூவ்ட்' பிளாக் ஒன்று சேர்த்ததும் இரண்டும் 0 ஆகிவிட்டன.

அப்புறம் ஆவணம். ஒவ்வொரு வேரியபிளுக்கும் (கோடில் மாற்றக்கூடிய மதிப்பு) டிஸ்கிரிப்ஷன் எழுதினால், டெராஃபார்ம்-டாக்ஸ் என்ற கருவி அதை அட்டவணையாக்கி ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் போட்டுவிடும். ஆனால் காரணத்தை எந்தக் கருவியும் எழுதாது. போர்ட் 8443 திறந்திருப்பது கோடிலேயே தெரிகிறது. 'கணக்குப் பிரிவின் பழைய மென்பொருள் இதன் வழியாகத்தான் பேசுகிறது, அது போனதும் மூடவும்' என்பதை நீங்கள்தான் கமெண்டாக எழுத வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, யாராவது கிளவுடின் கன்சோலில் (வலைப்பக்கத்தில்) நேரடியாகப் போய் எதையாவது மாற்றத்தான் செய்வார்கள். அதைப் பிடிக்க, டீடெய்ல்ட் எக்ஸிட்கோட் என்ற தேர்வோடு தினமும் காலையில் பிளான் தானாக ஓடும்படி வையுங்கள். முடியும்போது அது தரும் எண் 0 என்று வந்தால் எல்லாம் கோடில் உள்ளபடியே இருக்கிறது, 1 வந்தால் பிழை, 2 வந்தால் கோடுக்கும் கிளவுடுக்கும் வித்தியாசம்.