கிரிட்டீரியம் பந்தயத்தில் கடைசி வரிசை வேண்டாம்

சிறிய சுற்றுப்பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டும் கிரிட்டீரியம் சைக்கிள் பந்தயத்தில், புதியவர்கள் பயந்து கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கிக்கொள்வார்கள். கால் சீக்கிரம் ஓய்ந்துபோவது அங்கேதான். வளைவில் முன்னால் போகிறவர் லேசாகத்தான் வேகம் குறைப்பார். பின்னால் வர வர அது பெருகி, கடைசி ஆள் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, வளைவு முடிந்ததும் எழுந்து நின்று மிதித்துத்தான் இடைவெளியை அடைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வளைவிலும் இதே கூத்து! கூட்டத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கப் பாருங்கள். முந்துவதற்கு நேர்ச்சாலைதான் சரி, வளைவின் உள்பக்கத்தில் நுழையாதீர்கள். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்துவிடுங்கள். சாயும்போது உள்பக்கப் பெடல் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் தரையில் இடித்து ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அப்புறம், கிளம்பும் முன்பே வியர்க்கும் அளவுக்கு ஓட்டி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முதல் சுற்றிலேயே வேகம் எகிறும்.