கடலாமைக்கு உதவப் போய்ச் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த நண்பர் குடும்பத்திலிருந்து ஓர் இரவு வாட்ஸ்அப்பில் காணொளி வந்தது. குளிர்பானம் கொண்டுபோன ஐஸ் பெட்டியில் பாதியளவு கடல்நீர். அதற்குள் பத்துப் பன்னிரண்டு ஆமைக் குஞ்சுகள் துடுப்படித்துக்கொண்டிருந்தன. "நண்டு தூக்கிடும்ல, அதான் எடுத்து வச்சோம். விடிஞ்சதும் விட்டுடுவோம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளேயே மூன்று தவறுகள் இருந்தன.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் வயிற்றில் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். அதுதான் அதற்குக் கட்டுச்சோறு. அதை நம்பித்தான் முதல் 24 மணி நேரம் வாக்கில் நிற்காமல் நீந்தி, மீன்கள் மொய்க்கும் கரையோரத்தைத் தாண்டிப்போகிறது. பெட்டிக்குள் விட்டாலும் நீந்துவதை நிறுத்தாது. சுவரில் முட்டி முட்டி, கடலில் செலவழிக்க வேண்டிய பலத்தை அங்கேயே தீர்த்துவிடும். அப்புறம் அதைப் பகல் வெளிச்சத்தில் விட்டால் காகமும் மீனும் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். மூன்றாவது, கை. மணலில் தானாக ஊர்ந்து போக வேண்டியதைத் தூக்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் போடுவது உதவி இல்லை. கடல் எந்தப் பக்கம் என்று அது திசை பிடிப்பதே அந்த ஊர்தலில்தான்.

திசை என்றதும் விளக்கைச் சொல்ல வேண்டும். தாழ்வாகவும் வெளிச்சமாகவும் தெரியும் அடிவானத்தை நோக்கிப் போவது குஞ்சின் பிறவிக் குணம். இருட்டுக் கரையில் அந்த வெளிச்சம் கடல்தான். ஈஸ்ட் கோஸ்ட்டில் அப்படியா? ஒரு பக்கம் சாலை விளக்குகள், உணவுக்கடைகள். எதிர்ப்பக்கம் நங்கூரமிட்ட கப்பல்களின் வரிசை. குழம்பிப்போகும் குஞ்சுக்கு முன்னால் நாம் கைப்பேசி டார்ச்சையும் அடித்தால் அது நம் காலடிக்கே வரும். சிவப்பு விளக்கு பரவாயில்லை என்பார்கள். பாதிப்பு குறைவுதான், அதற்காக வேடிக்கை பார்க்கக் கிடைத்த அனுமதி ஆகிவிடாது.

நம்மில் சென்னைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வேறொரு ஆசை வரும். அங்கே 1988 முதல் மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு இங்கே கூடு தென்பட்டதும் கை பரபரக்கும். அங்கே வருவது பங்குனி ஆமை, இங்கே முட்டையிட வருவது பெரும்பாலும் அழுங்காமை; பேராமையும் நம் கடலில் உண்டு. அதை விட முக்கியம், இட்ட சில மணி நேரத்திலேயே கரு முட்டையின் மேல்பக்கச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. பயிற்சி பெற்றவர்களே எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே வாக்கில் பதமாக எடுத்து வைக்கிறார்கள். நாம் பையில் அள்ளிக்கொண்டு ஓடினால் பிங்பாங் பந்துபோல நூற்றுச் சொச்சம் செத்த முட்டைகள்தான் மிஞ்சும். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றமும்கூட.

விஷயம் தெரிந்தவர்களுக்கே சறுக்கிய கதை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. மலேசியாவின் திரங்கானு மாநிலத்தில் ரந்தாவ் அபாங் கடற்கரை. 1950களில் ஆண்டுக்கு 10,000 கூடுகள் வரை ஏழுவரி ஆமைகள் முட்டையிட்ட இடம். இன்று அநேகமாக ஒன்றும் இல்லை. பல ஆண்டுகளாக முட்டைகளை எடுத்து விற்றுத் தின்றதும், மீன்பிடி வலைகளும் பெரிய காரணங்கள். காப்பாற்றத் தொடங்கிய பொரிப்பகங்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும். அதற்கு மேலே போகப்போகப் பெண்தான். வெயில் படும் மணலில் புதைத்த முட்டைகளிலிருந்து கிட்டத்தட்ட எல்லாமே பெண் குஞ்சுகளாக வந்ததை ஆய்வாளர்கள் பின்னால்தான் கண்டுபிடித்தார்கள். முட்டைகள் பொரிந்தன, கணக்கும் அழகாக இருந்தது. ஆனால் ஜோடி சேர ஆணும் வேண்டுமே. சிங்கப்பூரில் 2018இல் சிறிய சிஸ்டர்ஸ் தீவில் பொரிப்பகம் வந்தது. அதைப் பற்றிப் பேசும்போது எத்தனை குஞ்சு என்று மட்டும் கேட்காமல், மணல் எத்தனை டிகிரி என்றும் கேளுங்கள்.

எண்ணிக்கையில் இன்னொரு தவறும் உண்டு. ஐந்து கூடுகள் என்று செய்தி வந்தால் ஐந்து ஆமைகள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஓர் அழுங்காமை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என ஒரே பருவத்தில் பல முறை முட்டையிடும். அப்புறம் இரண்டு மூன்று ஆண்டு இந்தப் பக்கமே வராது. ஐந்து கூடும் ஒரே அம்மாவுடையதாக இருக்கலாம்.

"பிறந்த அதே இடத்துக்குத்தான் திரும்பி வரும்" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பிறந்த வட்டாரத்துக்குத் திரும்புவது உண்மை. ஆனால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை 1966க்குப் பிறகு கடலைத் தூர்த்து உண்டாக்கியது. அங்கே முதன்முதலில் முட்டையிட வந்த ஆமையின் பாட்டிக்கு அந்த மணல் கிடையாது! எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

சரி, தாய் ஆமையே கரையேறுவதைக் கண்டால்? அசையாமல் நில்லுங்கள். பள்ளம் தோண்டும் முன் மிரண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். கண்ணில் வழிவது பிரசவ வேதனைக் கண்ணீர் இல்லை, உடம்பில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பி. தூரத்தில் நின்றபடி தேசியப் பூங்காக் கழகத்துக்குப் போன் போடுங்கள், மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். குஞ்சுகளைப் பார்த்தாலும் இதேதான். நண்பருக்கும் அதைத்தான் சொன்னேன். ஆமை போன பிறகு மணலில் இருக்கும் தடத்தை மிதித்துவிடாதீர்கள். துடுப்புகள் மாறிமாறிப் பதிந்திருந்தால் அழுங்காமை, இரு பக்கமும் ஜோடியாகப் பதிந்திருந்தால் பேராமை. கூட்டைத் தேடி வருபவர்களுக்கு வழிகாட்டுவது அந்தத் தடம்தான்.

பாலித் தீவுக்குப் போனால் ஆமையோட்டு வளையல், சீப்பு என்று எதையும் வாங்கி வராதீர்கள். அந்த ஓடு அழுங்காமையுடையது. உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம் அது, கொண்டுவருவதற்கும் தடை.

கடைசியாக, பௌத்தர்கள் கொண்டாடும் விசாக தினம். புண்ணியம் என்று கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமையைச் சிலர் கடலில் விடுகிறார்கள். விடும் முன் அதன் காலைப் பாருங்கள். விரலும் நகமும் இருக்கிறதா? அது நன்னீர் ஆமை, உப்பு நீரில் பிழைக்காது. நீர்த்தேக்கத்தில் விட்டால் அங்கே இருக்கும் உள்ளூர் ஆமைகளின் சாப்பாட்டில் கை வைக்கும். கடலாமைக்குக் கால் இருக்கும் இடத்தில் துடுப்புதான் இருக்கும், அதை எந்தக் கடையும் விற்பதில்லை.