டாப்ஸ்பின்னுக்கு எந்த ஸ்ட்ரிங்? தர்மபுரி, கிருஷ்ணகிரி வெயிலுக்கும் புழுதிக்கும்

கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. டென்னிஸ் ராக்கெட்டின் நடுவில், கைப்பிடியிலிருந்து தலை வரை நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங் ஒன்றை விரலால் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்து விடுங்கள். 'டிக்' என்று பழைய இடத்துக்கே ஓடி வந்தால் அது இன்னும் டாப்ஸ்பின், அதாவது பந்துக்கு முன்னோக்கிய சுழற்சி, கொடுக்கும். இழுத்த இடத்திலேயே நின்றுவிட்டால், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பந்தைத் தள்ளும், சுழற்றாது.

நீளவாக்கில் ஓடுவது மெயின், குறுக்கே ஓடுவது கிராஸ். கீழிருந்து மேலாக வீசும்போது, பந்து ஸ்ட்ரிங்கில் தங்கும் நேரம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்குதான். அதற்குள் பந்து மெயின்களைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பந்து கிளம்புவதற்குள் அவை திரும்பி ஓடி வந்து அதன் பின்பக்கத்தை மேல்நோக்கி உரசிவிடுகின்றன. ஸ்ட்ரிங் சேர்த்துக் கொடுக்கும் சுழற்சியில் பெரும்பங்கு இந்த ஓட்டத்திலிருந்துதான். ஆகவே நீங்கள் தேட வேண்டியது சொரசொரப்பை அல்ல, வழுக்கலை.

இது புதிய விஷயமும் இல்லை. 1977இல் 'ஸ்பாகெட்டி' என்ற ஒரு ஸ்ட்ரிங் முறை பரபரப்பானது. அதில் மெயினும் கிராஸும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளாது. மெயின்கள் தடையில்லாமல் வழுக்கின. அந்த ராக்கெட்டோடு வந்த ருமேனிய வீரர் நாஸ்டாஸேவிடம், களிமண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டங்கள் வென்றிருந்த அர்ஜென்டினாவின் வில்லாஸ் பாதியிலேயே ஆட்டத்தை விட்டு வெளியேறினார். பிறகு பின்னல் கட்டாயம் என்று விதியே வந்தது. பின்னியிருந்தும் வழுக்கும் பொருளாக பாலியெஸ்டர் வந்து, 1997இல் பிரேசிலின் குயெர்டன் அதைப் போட்டுக்கொண்டு பிரெஞ்சு ஓபன் வென்றபின் ஆட்டமே மாறியது.

இன்று கடையில் கிடைப்பவற்றில் நைலான், அதாவது சிந்தெடிக் கட், மென்மையானது, விலை குறைவு. ஆனால் நைலானும் நைலானும் உரசும்போது ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பாயின்டுக்கும் பிறகு விரலால் ஸ்ட்ரிங்கை நேராக்குகிறீர்களா? அந்த ஒட்டல்தான் காரணம். மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்த மல்ட்டிஃபிலமென்ட் கைக்கு இதம். சுழற்சியில் அதுவும் நைலானுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பாலியெஸ்டர், பேச்சில் 'பாலி', விறைப்பானது, வழுக்கலானது, தானாகவே நேராகிவிடும். டாப்ஸ்பின்னுக்கு விடை பாலிதான். அதில் எது, எத்தனை நாளைக்கு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

முதல் தவறு, உருண்டையாக இல்லாமல் பக்கங்களில் விளிம்போடு வரும், முனை வைத்த ஸ்ட்ரிங்கை மட்டுமே நம்புவது. ஐந்து முனை, எட்டு முனை, முறுக்கியது என்றெல்லாம் உண்டு. பபோலா ஆர்பிஎம் பிளாஸ்ட் எட்டு முனை உள்ளது. புதிதாக இருக்கும்போது முனை பந்தைக் கொஞ்சம் கவ்வுவது உண்மை. ஆனால் சில மணி நேர ஆட்டத்தில் அது மழுங்கும். மெயின், கிராஸ் இரண்டிலும் முனை வைத்ததைப் போட்டால் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டு பள்ளம் விழும். பள்ளத்தில் உட்கார்ந்த ஸ்ட்ரிங் வழுக்காது. முனை வேண்டுமானால் மெயினில் மட்டும் போட்டு, கிராஸுக்கு வழவழப்பான உருண்டை பாலி போடுங்கள். லக்ஸிலான் ஆலு பவர், யோனெக்ஸ் பாலி டூர் ப்ரோ இரண்டும் உருண்டைதான். இரண்டு பக்கமும் உருண்டை பாலியே போட்டாலும் குறையாகத் தெரியாது.

தடிமனுக்கு 1.25 மி.மீ.இல் தொடங்குங்கள். 1.20 இன்னும் எளிதாக ஓடும், ஆனால் செம்மண் புழுதி பறக்கும் கோர்ட்டில் சீக்கிரம் அறும். புதிய பாலியே எட்டு மணி நேரத்துக்குள் அறுந்துவிட்டால் மட்டும் 1.30க்குப் போங்கள். நடால் 1.35 மி.மீ. ஸ்ட்ரிங்கை 55 பவுண்டு இறுக்கத்தில் போட்டார் என்று அதையே கேட்பவர்கள் உண்டு. அவர் வீச்சுக்கும், புதுப் பந்து வரும்போதெல்லாம் புது ராக்கெட் எடுக்கும் வசதிக்கும் அது சரி. நமக்கு அது பலகைபோல் விறைப்பு.

ராக்கெட்டின் கழுத்திலோ தலையின் உட்புறத்திலோ 16x19 அல்லது 18x20 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் மெயின், இரண்டாவது கிராஸ். 18x20இல் கட்டம் நெருக்கம். ஸ்ட்ரிங் ஓட இடம் குறைவு. அதில் 1.20 மி.மீ. உருண்டை பாலி ஓரளவு கைகொடுக்கும், 16x19 அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். சாதாரண அலுமினிய ராக்கெட்டில் பாலி போடவே வேண்டாம், செலவு வீண்.

பவுண்டு கணக்கில், நைலானில் 54 போட்டிருந்தவர் பாலிக்கு 48 என்று தொடங்கலாம்; பத்தில் ஒரு பங்கு குறைப்பது வழக்கம். ஃபிரேமில் 50–59 என்று அச்சிட்டிருந்தாலும் பாலியில் 46–48 போடுவதால் ஃபிரேமுக்கு ஆபத்தில்லை. இறுக்கினால் ஸ்பின் கூடும் என்பது பாதி உண்மை. இறுக்கும்போது பந்து வெளியே பறப்பது குறையும், அதனால் நீங்கள் தைரியமாக முழு வீச்சு வீசுவீர்கள். கூடும் சுழற்சி அந்த வீச்சிலிருந்து வருவது. பாலி போட்ட முதல் நாளிலேயே, ஆடாமல் மாட்டி வைத்திருந்தாலும், ஏறத்தாழ பத்து சதவீதம் தளர்ந்துவிடும். அதற்காக இப்போதே நான்கு பவுண்டு கூட்டிக் கேட்காதீர்கள். மேலே சொன்ன 48 அந்தத் தளர்வையும் சேர்த்த கணக்கு.

ஏப்ரல், மே மாதங்களில், மாம்பழ சீசன் நேரத்தில், பந்து துள்ளும், ஸ்ட்ரிங்கும் இளகும். ஒன்றிரண்டு பவுண்டு கூட்டலாம். ஓசூரில் மார்கழிக் காலை ஆறு மணிக்கு ஆடுபவர் இரண்டு குறைத்தால் கை பிழைக்கும். குளிரில் பாலி கம்பிபோல் விறைக்கும்.

இனி ஸ்ட்ரிங் போடுபவரிடம் போகலாம். நம் பக்கம் இதற்கு 'கட்டிங் போடுவது' என்றுதான் பெயர். கேட்கும் இடம் பார்த்துக் கேளுங்கள். சிறிய ஊர்களில் மெஷின் வைத்திருப்பவருக்கு பெரும்பாலும் ஷட்டில் பேட்டே வேலை. ஷட்டில் ஸ்ட்ரிங் 0.7 மி.மீ.க்கு உட்பட்டது, இருபத்துச் சொச்சம் பவுண்டு. டென்னிஸுக்கு அதைப்போல இரு மடங்கு இழுக்க வேண்டும், ஸ்ட்ரிங்கைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பும் 1.25 மி.மீ.க்குத் திருகி வைக்க வேண்டும். கிளாம்ப் வழுக்கினால் டென்ஷன், அதாவது இறுக்கம், போகும், அதிகம் இறுக்கினால் ஸ்ட்ரிங் நசுங்கும். "அண்ணே, டென்னிஸுக்கு அம்பது பவுண்டு இழுக்குமா, கிளாம்ப் மாத்துவீங்களா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தயங்கினால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ கொடுத்தனுப்புவது நல்லது.

கொடுத்தனுப்பும்போது ஒரு சீட்டு எழுதி ராக்கெட்டிலேயே ஒட்டுங்கள்: மெயின் 48, கிராஸ் 48, இரண்டு துண்டாக, கிராஸ் மேலிருந்து கீழாக, பாலிக்கு முன்கூட்டி இழுத்தல் (ப்ரீ-ஸ்ட்ரெட்ச்) வேண்டாம். கிராஸை மெயின்களுக்கு இடையே வேகமாக உருவினால் சூட்டில் மெயினில் கோடு விழும். அது ஓட்டத்தை முதல் நாளே கெடுக்கும். மெதுவாக உருவச் சொல்லுங்கள். கையால் சுற்றும் மெஷின், இழுத்ததும் பூட்டிக்கொள்வது. அதில் 48 என்றால் கரண்ட் மெஷினின் 48ஐவிடச் சில பவுண்டு தளர்வாகவே வரும். ஒரே ஆளிடம் போட்டு, அவர் கைக்கு ஏற்றபடி எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கை வலி இருப்பவருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் முழு பாலி வேண்டாம். முழங்கையின் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால் அன்றே பாலியை நிறுத்துங்கள். மெயினில் பாலி, கிராஸில் நைலான் என்ற கலப்பு பரவலானது. கைக்கு இதம், ஆனால் பாலி நைலானைச் சீக்கிரம் அறுத்துப் பள்ளமாக்கும், ஸ்பின்னும் சீக்கிரம் போகும். ஃபெடரர் தலைகீழாக வைத்திருந்தார்: மெயினில் இயற்கை கட் (மாட்டுக் குடலில் செய்தது), கிராஸில் பாலி. அருமையான சேர்க்கை, பர்ஸ் தாங்கினால். ஒரு நைலான் செட், அதாவது ஒரு ராக்கெட்டுக்கான ஸ்ட்ரிங், மூன்று மாதம் அறாமல் உழைக்கிறது என்றால் உங்கள் வீச்சுக்கு பாலியின் தேவை இன்னும் வரவில்லை.

இரண்டாவது தவறு, அறும்வரை ஆடுவது. நைலான் அறுந்து சாகும். பாலி அறாமலே செத்துப்போகும். பத்துப் பதினைந்து மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு அதன் துள்ளல் போய்விடும். விலையுயர்ந்த ஒரு செட்டை நான்கு மாதம் ஓட்டுவதைவிட, சாதாரண உருண்டை பாலியை மாதம் ஒருமுறை மாற்றுவது நல்ல டாப்ஸ்பின் தரும். செட் 12 மீட்டர். 200 மீட்டர் ரீல் வாங்கினால் 16 முறை போடலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் செலவு தெரியாது.

மாற்றும் நேரத்தை உணர்வுக்கு விடாமல் போனில் பாருங்கள். ஒலியின் ஹெர்ட்ஸ் காட்டும் ஆப் ஒன்றைத் திறந்து, ஸ்ட்ரிங் நடுவில் பென்சிலால் தட்டுங்கள். போட்ட மறுநாள் 560 காட்டியது இப்போது 530 என்றால், ஒலியில் ஐந்து சதவீதம் குறைந்தது. டென்ஷனில் அது பத்து சதவீதம்; மாற்றும் நேரம் வந்துவிட்டது.

புழுதிக் கோர்ட்டில் ஆடியபின் பழைய டூத் பிரஷால் ஸ்ட்ரிங்குகள் குறுக்கிடும் இடங்களை உலர்வாகத் தேய்த்துவிடுங்கள். அங்கே சிக்கும் மணல்தான் ஓட்டத்தைப் பிடித்து நிறுத்துவதும், அறுப்பதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி வந்துவிடும். ராக்கெட்டை டிக்கியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் மாலைக்குள் பாலி தளர்ந்திருக்கும்.

ஒரு ஸ்ட்ரிங் அறுந்தால் மற்றதை அப்படியே விடாதீர்கள். ஒரு பக்க இழுவையில் ஃபிரேம் கோணும். நடுவில் தொடங்கி, ஒரு மெயின், ஒரு கிராஸ் என்று மாறி மாறி வெளிப்பக்கமாக உடனே வெட்டுங்கள். அப்போதே ஸ்ட்ரிங் நுழையும் ஓட்டைகளில் இருக்கும் ஓரத்து பிளாஸ்டிக் கிராமெட்டுகளில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விரிசல் விட்ட ஓட்டையில் கார்பன் விளிம்பு நேராக ஸ்ட்ரிங்கில் படும்; அடுத்த செட் மெஷினிலேயே அறும்.