உயிர்நாடாவை நடுத்தளத்துக்கு மாற்றினேன்
நெடுங்கடல் பாய்மரப் பயணத்தில், விழுந்தவரை மீட்பதைவிட விழாமல் தடுப்பதே முதன்மையானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் படகில், உடலில் அணியும் பாதுகாப்பு வாரான ஹார்னஸின் கொக்கியை மாட்டும் உயிர்நாடாக்கள் தளத்தின் இரு ஓரங்களிலும் ஓடின. ஹார்னஸை நாடாவோடு சேர்க்கும் 2 மீட்டர் இணைப்புப் பட்டையோடு முன்பகுதிக்குச் செல்பவர் சறுக்கினால், பட்டை இறுகுவதற்கு முன்பே உடல் நீருக்குள் போய்விடும், ஓடும் படகு இழுக்கும் வேகத்தில் மூச்சுவிடுவதும் கடினமாகிவிடும். ஆகவே நாடாக்களை நடுக்கோட்டின் அருகே நகர்த்தினேன்; நனைந்தால் தளரும் நைலானை நீக்கி, 2040 கிலோ இழுவிசைக்கும் அறாத பாலியெஸ்டர் நாடாவை இறுக்கிக் கட்டி, அனைவருக்கும் 1 மீட்டர் குட்டைப் பட்டையையும் சேர்த்தேன்.

புறப்படுவதற்கு முன், துறைமுகத்திலேயே ஒவ்வொருவரையும் ஹார்னஸுடன் முன்முனைவரை நடக்கச் செய்து, கொக்கி எங்கே சிக்குகிறது, உடல் எந்த இடத்தில் விளிம்பைத் தாண்டுகிறது என்று பார்த்தோம். இதைத் தவிர்க்கவே கூடாது. ஏட்டில் சரியாகத் தோன்றிய இரண்டு பொருத்துமுனைகளை அப்போதுதான் இடம் மாற்றினோம்.

வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசையில் அபாய அழைப்பு விடுப்பதையும், செயற்கைக்கோள் வழியே அபாயக் குறிப்பு அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவியை இயக்குவதையும் எல்லோரும் கற்றனர். இரவில், அறையின் படியை விட்டு மேலேறுவதற்கு முன்பே கொக்கியை மாட்டிவிட வேண்டும் என்பதும் எங்கள் விதி.