சீட்டுக்கு அடியில் எஞ்சின்: பழைய வேனட் சி22 வண்டியைப் பினாங்கில் வைத்து ஓட்டுவது

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன், பூமாலைக் கடை வேன், கல்யாணச் சமையல் சாமான் ஏற்றுகிற வேன் என்று நிசான் வேனட் சி22 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1980களின் பிற்பாதியில் வந்த வடிவம் இது. இங்கே சொல்லும் அளவுகள் 1.5 லிட்டர் ஏ15 பெட்ரோல் எஞ்சினுக்கு உரியவை. உங்கள் வண்டியில் வேறு எஞ்சின் இருந்தால் அளவுகளை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், தகரப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. காரில் பானட்டைத் தூக்கினால் சூடு மேலே போய்விடும். இதில் போக வழியில்லை. ஹோஸ், வயர், ரப்பர், கார்புரேட்டர் எல்லாம் அந்த அனலில் வெந்தே பாழாகின்றன. அமெரிக்காவில் 1987 முதல் 1990 வரை இதே சி22 உடலில் 2.4 லிட்டர் எஞ்சினை வைத்து விற்றார்கள். எஞ்சின் பக்கம் தீப்பிடித்த புகார்கள் வந்தன, பலமுறை திரும்ப அழைத்துச் சரிசெய்தும் தீரவில்லை. கடைசியில் நிசானே அந்த வண்டிகளைத் திரும்ப வாங்கி நசுக்கியது. நம்முடையது சின்ன எஞ்சின், அவ்வளவு அனல் இல்லை. ஆனாலும் பெட்டி அதே பெட்டிதான். ஆகவே கையில் இருக்கும் காசை முதலில் கூலிங்குக்கும் பெட்ரோல் ஹோஸுக்கும் போடுங்கள். பெயின்டும் ரிம்மும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏ15 எஞ்சினின் பிளாக் (அடிப்பகுதி) இரும்பு, ஹெட் (அதன்மேல் பூட்டும் தலைப்பகுதி) அலுமினியம். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டினால் இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் அரிக்கும். அந்தத் துருச் சேறு ரேடியேட்டரின் மெல்லிய குழல்களில் போய் உட்காரும். ஜாமில் சூடு காட்டும் முள் ஏறும், வண்டி ஓடினால் இறங்கும். இதைப் பார்த்ததும் சிலர் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூடேறிய பிறகு தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வை, கழற்றி வீசச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் காலையில் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும், பெட்ரோல் கூடும், ஆயில் கெடும், அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும். 82 டிகிரியில் திறக்கும் புது தெர்மோஸ்டாட், 0.9 என்று அச்சிட்ட ரேடியேட்டர் மூடி, மேல் கீழ் ஹோஸ் இரண்டு, கிளிப் நான்கு: இவ்வளவையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டரை இறக்கி, மேல் கீழ்த் தொட்டிகளைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் கடைகள் இன்னும் இருக்கின்றன. வெறும் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினால் போதாது.

தண்ணீர் மாற்றும்போது பலரும் தவறுவது காற்றை வெளியேற்றுவதில்தான். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் முள் சரியாகக் காட்டாது, ஹெட் மட்டும் வெந்துபோகும். செய்யும் முறை இது:

1. எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, முன்பக்கம் மேடாக இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.
2. சரிபாதி கூலன்ட், சரிபாதி வாலைவடிநீர். மெதுவாக ஊற்றி நிரப்புங்கள். மூடியைப் போடாதீர்கள்.
3. எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு மேல் ஹோஸைக் கையால் பிசைந்துகொடுங்கள். குமிழ் வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள்.
4. மேல் ஹோஸ் திடீரென்று சுடும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். மட்டம் இன்னும் ஒருமுறை விழும். நிரப்பி மூடுங்கள்.
5. மறுநாள் காலை, ஆறிய பிறகு, இன்னொரு முறை பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே போனால் தரையைப் பாருங்கள். தரை காய்ந்திருந்து, ஆயில் மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். ஹெட்டைக் கழற்றினால் மட்டம் பார்க்காமல் திரும்பப் பூட்ட விடாதீர்கள். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் போட்டால் காசுக்குத்தான் கேடு.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பக்கம் கூட்டத்துக்குள் ஊர்ந்து போவதும், பாலத்தில் மாலை நேர ஜாமும் இந்த எஞ்சினுக்கு மலை ஏறுவதைவிடக் கடினம், காற்றே வராது. முள் பாதியைத் தாண்டினால் முதலில் ஏர்கோனை நிறுத்தவேண்டும். விசிறி பெல்ட்டில் ஓடுவதானால் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், 10 மி.மீ. அளவுக்கு அமுங்கலாம், அதற்கு மேல் தளர்ச்சி. யாராவது மின்விசிறி மாற்றிப் போட்டிருந்தால் அது காற்றைச் சரியான திசையில் இழுக்கிறதா என்று ஒரு தாளை வைத்துப் பாருங்கள். வயரைத் தலைகீழாக இணைத்த வண்டிகள் உண்டு.

அடுத்தது பெட்ரோல். டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் 4, 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெட்ரோலுக்கென்று அச்சிட்ட ஹோஸையே கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஹோஸ் சில மாதத்தில் ஊறி வெடிக்கும். வளைத்துப் பார்க்கும்போது மேலே சின்னச் சின்ன வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை சீட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். 1 கிலோ பவுடர் தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஓடும்போது சீட்டுக்கு அடியில் புகை வந்தால் சீட்டைத் திறக்காதீர்கள். காற்றுப் புகுந்தால் குப்பென்று பிடிக்கும். சாவியை அணைத்து, முதலில் எல்லாரையும் இறக்குங்கள்.

பெட்ரோல் போட நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து வண்டி கிளம்பாமல் அடம்பிடித்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். அடைபட்ட சூட்டில் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கும். பெடலைக் கடைசி வரை மிதித்து, அப்படியே பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மிதித்து மிதித்து விட்டால் இன்னும் வழியும்.

சீட்டுக்கு அடியில் எஞ்சின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பைக் கவனிக்கிறவர்கள் குறைவு. அது கிழிந்தால் சூடு மட்டுமல்ல, புகைக்குழாயில் கசிவு இருந்தால் விஷவாயுவும் உள்ளே வரும். பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வரும் வண்டி அது.

டேப்பட் சத்தம் (வால்வுகளின் மேல் கேட்கும் டக் டக்) கூடினால் வால்வு இடைவெளிக்கு அளவு வைக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.35 மி.மீ. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்த நிலையில், முன்னாலிருந்து எண்ணி 1, 2, 3, 5 ஆம் வால்வுகளுக்கு அளவு வையுங்கள். கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி 4, 6, 7, 8. இடைவெளியில் விடும் கேஜ் (அளவுத் தகடு) லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் சத்தம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். சத்தமே கேட்கக்கூடாது என்று இறுக்கினால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துவிடும். ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள், சாதாரண மினரல் 20டபிள்யூ-50 போதும். விலை உயர்ந்த சிந்தெட்டிக் பழைய சீல்களில் கசியக்கூடும்.

பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் துன் சார்டோன் சாலையில் இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஆள் நிறைந்த வண்டியைக் காலால் மட்டும் பிடித்துக்கொண்டு வந்தால் பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் தரைக்குப் போகும். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால் சீக்கிரம் கொதிக்கும். 2 வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பின் டிரம்மைக் கழற்றும்போது வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது.

கடற்காற்றில் துரு வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். கால்மிதி ரப்பரைத் தூக்கி ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். ‘டங்’ என்றால் இரும்பு, ‘தொப்’ என்றால் புட்டி. பின்சக்கர வளைவு, படிக்கட்டு, கூரை ஓரத் தண்ணீர்க் கால்வாய், கதவின் அடிப்பகுதி என்று எல்லா இடமும் பார்க்கவேண்டும். கதவுக்கு அடியில் உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்திவிட்டாலே பாதித் தொல்லை தீரும். அழுகிய தகரத்தை வெட்டி எடுத்து வெல்டிங் வைத்து, துத்தநாக பிரைமர் இரண்டு கோட் அடிக்கச் சொல்லுங்கள். மேலே பைபர் ஒட்டித் தருவதற்கும் பட்டறைகள் தயாராக இருக்கும், அது ஒரு மழைக்காலம் தாங்கும்.

பக்கக் கதவு இழுக்க முடியாமல் போனால் மேல், நடு, கீழ் என்ற மூன்று தண்டவாளங்களையும் மண்ணெண்ணெயால் துடைத்து வெள்ளை கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். எஞ்சின் ஆயில் ஊற்றினால் மணல் ஒட்டிக்கொள்ளும். பாதி திறந்த கதவின் பின்முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஆடினால் நடு ரோலர் தேய்ந்துவிட்டது, கிரீஸ் அதற்கு உதவாது.

வாங்கப் போகிறவர்கள் முதலில் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். துரு தின்று எழுத்து மறைந்திருந்தால் புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தில் பெயர் மாற்றச் சோதனை அங்கேயே நின்றுவிடும். கெரானில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹாஃப்கட் கடையிலிருந்து (பாதியாக வெட்டிய பழைய வண்டிகளின் பாகம் விற்கும் கடை) எஞ்சின் மாற்றி ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பதியாமல் விட்ட வண்டி என்றால், அதைப் பதிந்து கொடுத்த பிறகே பணம் தருவேன் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.