மிஞ்சிய துண்டுகளிலேயே குயில்ட்டுக்கு ஓரப்பட்டி

பூப்போட்ட துண்டுத்துணிகளை இணைத்துக் கையால் தைத்த குயில்ட்டின் (அடுக்குத் துணிப் போர்வையின்) ஓரத்தை முடிக்கப் புதுத்துணி வாங்க வேண்டியதில்லை. மிஞ்சிய துண்டுகளையே இரண்டரை அங்குல அகலப் பட்டிகளாக வெட்டி, 45 பாகைச் சாய்வில் ஒன்றோடொன்று இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து ஓரப்பட்டியாகத் தைத்துவிடலாம். பட்டிகளை நேராக இணைத்தால், தையலுக்கு விட்ட துணி முழுவதும் மடிப்பில் ஒரே இடத்தில் குவிந்து, கை ஊசி நுழையவே சிரமப்படும் அளவுக்குத் தடித்துவிடும். சாய்வாக இணைக்கும்போது அந்தத் தடிப்பு பட்டியின் நீளத்தில் பரவிவிடுவதாலும், தையல் விளிம்புகளை இருபுறமும் விரித்து இஸ்திரி போட்டுவிடுவதாலும், ஓரம் தட்டையாகப் படிகிறது. பல நிறப் பூக்கள் ஓரத்திலும் தொடர்வது, என் பார்வையில், ஒற்றை நிறப் பட்டியைவிட மிக அழகு.

பட்டியின் நீளம் நான்கு பக்கங்களின் மொத்த அளவைவிடப் பத்து அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். மூலையில் இணைப்பு விழாதபடி, தைக்கும் முன்பே சுற்றிலும் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரம் வளைவாக அமைந்த குயில்ட்டுக்கு இது பொருந்தாது. அங்கே கிராஸாக, அதாவது துணியின் இழைகளுக்குச் சாய்வாக, வெட்டிய பட்டிதான் வளைந்து கொடுக்கும். சாயம் போகும் துணியையும், நைந்த பழந்துணியையும் ஓரத்தில் சேர்க்க வேண்டாம், ஏனெனில் முதலில் தேய்வது ஓரமே.