கண்குழியோட கூரையை டார்ச்சும் விரலும் வச்சு படிக்கிறது எப்படி

ஆர்பிட்டோட ரூஃப், அதாவது கண்குழியோட கூரை பத்தி புக்ல இருக்குற நாலு வரிய மனப்பாடம் பண்ணி எக்ஸாம் எழுதிடலாம், ஆனா மேல் இமையில சின்னதா ஒரு கிழிசலோட ஒரு குழந்தைய ராத்திரி கேஷுவாலிட்டிக்குத் தூக்கிட்டு வரும்போது அந்த நாலு வரி கைகொடுக்காது. அதனால மேல்மூடி கழட்டுன மண்டையோடு ஒண்ணு எடுத்துக்கங்க.

ரூம் லைட்ட அணைச்சிட்டு, மூளையோட முன்பகுதி உக்காந்திருக்குற அந்தத் தட்டு மேல டார்ச் அடிச்சு கீழ கண்குழி வழியா பாருங்க. எண்ணெய் தடவுன காகிதம் மாதிரி எலும்புல வெளிச்சம் ஊடுருவித் தெரியும். அதுதான் ஃப்ரான்டல் எலும்போட (நெத்தி எலும்பு) ஆர்பிட்டல் பிளேட், கண்ணுக்கும் மூளைக்கும் நடுவுல எலும்புன்னு இருக்குறது அவ்வளவுதான், வயசானவங்க சிலருக்கு அதுவும் அங்கங்க கரைஞ்சு ஓட்டை விழுந்திருக்கும். பின்கோடியில மட்டும் ஸ்பீனாய்டுங்குற மண்டையோட்டு அடி எலும்போட லெஸ்ஸர் விங் (சின்ன இறக்கை), அது கொஞ்சம் கெட்டி, பார்வை நரம்பு வர்ற ஆப்டிக் கெனால் அதுலதான் இருக்கு.

இப்போ உங்க முகத்துலயே பாருங்க. புருவத்துக்குக் கீழ எலும்பு விளிம்புல மூக்குப் பக்கத்துலேந்து நகத்த நகர்த்திட்டே போனா, மூணுல ஒரு பங்கு தூரத்துல சின்னதா ஒரு பள்ளம் தட்டுப்படும் (சிலருக்கு அது துளையா இருக்கும், அப்போ கைக்கு சிக்காது). அழுத்துனா சுருக்குன்னு இருக்கும், நெத்திக்கு உணர்ச்சி தர்ற சுப்ராஆர்பிட்டல் நரம்பு அது. கூரையோட வெளி மூலையில கண்ணீர்ச் சுரப்பி இருக்கு, உள் மூலையில கண்ண அசைக்கிற சுப்பீரியர் ஆப்ளிக் தசைக்கு கப்பி மாதிரி இருக்குற ட்ராக்லியா, அது அடிபட்டா உருவம் ரெண்டா தெரியும்.

சின்னக் குழந்தைங்கள்ல ஃப்ரான்டல் சைனஸ் (நெத்தி எலும்புக்குள்ள இருக்குற காத்தறை) இன்னும் வளர்ந்திருக்காது, அடிய வாங்கிக்க முன்னாடி காத்தறை இல்ல, நெத்தியில பட்டது நேரா கூரைக்குப் போயிடும். சுமார் 7 வயசுக்குக் கீழ கூரை முறிவு அதிகமா வர்றதுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

பரிசோதனையில மொத வேலை பார்வையும் கண்ணோட பாப்பாவும் (பியூப்பில்). அப்புறம் ரெண்டு கண்ணும் ஒரே மட்டத்துல இருக்கா, இல்ல ஒண்ணு கீழயும் முன்னாடியும் தள்ளியிருக்கா, மேல பார்க்க முடியுதா, இமை தொங்குதா, நெத்தியில பஞ்சு பட்டா தெரியுதான்னு பாருங்க. பக்கவாட்டுல குனிஞ்சு கொஞ்ச நேரம் நிதானமா கவனிங்க, கண்ணு நாடியோட சேர்ந்து துடிக்குதுன்னா கூரை திறந்து மூளையோட துடிப்பு இறங்குதுன்னு சந்தேகப்படணும். மூக்குலயோ காயத்துலயோ தண்ணி மாதிரி கசிஞ்சா மூளைத்தண்டுவட நீர்னு நினைச்சே நடங்க, மூக்கு சிந்த விடாதீங்க.

குச்சியோ பென்சிலோ குத்திட்டு நிக்குதுன்னா தயவுசெஞ்சு அங்கயே பிடுங்காதீங்க. இமையில தையல் போட்டு வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மெல்லிய ஸ்லைஸ்ல சிடி ஸ்கேன் எடுங்க, கொரோனல் (முன்னாடியிருந்து பார்க்குற வெட்டு), சாஜிட்டல் (பக்கவாட்டுலேந்து பார்க்குற வெட்டு) ரெண்டும் வேணும், சாதா எக்ஸ்ரே போதாது. காய்ஞ்ச மரத்துண்டு சிடியில காத்து மாதிரியே கறுப்பா தெரியும், அதனால குச்சி குத்துன கதை இருந்து கூரைகிட்ட நேர்கோடா ஒரு கறுப்பு தெரிஞ்சா ரேடியாலஜிஸ்ட்கிட்ட அந்தக் கதைய வாய்விட்டுச் சொல்லுங்க, நியூரோசர்ஜன அப்பவே கூப்பிடுங்க.